தீண்டாமையை எந்தத் தராசில் நிறுப்பது?

வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. 2027 மார்ச் 1 நாட்டின் பெரும்பகுதிக்கு அதன் அடிப்படை நாள். நாடு தழுவிய கணக்கெடுப்பொன்றில் எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் கிடைக்கப்போவது 1931க்குப் பிறகு இதுவே முதன்முறை. சமூகநீதி இயக்கங்கள் நெடுங்காலம் முன்வைத்த கோரிக்கை இது, வரவேற்கத்தக்கது.

ஆயினும் பட்டியலினத்தவரான நமக்கு எண்ணப்படுவது புதிய செய்தியன்று. 1951 முதல் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் நாம் எண்ணப்பட்டிருக்கிறோம். 2011 கணக்கின்படி நம் தொகை 20.14 கோடி, நாட்டு மக்களில் 16.6 விழுக்காடு. எழுத்தறிவும் தொழிலும் வீட்டு வசதியும் கூடச் சாதிவாரியாகப் பதிவாகியுள்ளன. அரசு இதுவரை அளக்காதது வேறொன்று: தீண்டாமை. நாம் எத்தனை பேர் என்பதைக் கேட்ட அரசு, நம்மீது என்ன இழைக்கப்படுகிறது, எந்த ஊரில் எவ்வளவு, குறைகிறதா கூடுகிறதா என்பதை முறையாகக் கேட்டதில்லை. அதனால்தான் ‘இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்?’ என்ற கூற்று மேடைதோறும் தடையின்றி உலவுகிறது. அதை மறுக்க நம்மிடம் சான்றுகள் ஏராளம் உண்டு. ஆனால் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுகோல் இல்லை.

நீளத்தையும் எடையையும் அளப்பது போல ஒரு சமூக உறவை அளக்க முடியுமா? முடியும். ஆனால் எப்படி அளக்கிறோம் என்பதிலேயே அரசியல் தொடங்கிவிடுகிறது.

இரு சொற்கள்

ஆய்வுலகில் எந்த அளவீட்டையும் இரு கேள்விகளால் சோதிப்பர். முதலாவது நம்பகத்தன்மை: அதே பொருளை மீண்டும் அளந்தால், அல்லது வேறொருவர் அளந்தால், அதே விடை கிடைக்குமா? இரண்டாவது ஏற்புடைமை: நாம் அளக்க நினைத்ததைத்தான் உண்மையில் அளக்கிறோமா? நியாயவிலைக் கடைத் தராசு ஒவ்வொரு முறையும் கிலோவுக்கு நூறு கிராம் குறைத்தே காட்டுகிறது என்று கொள்வோம். அது மாறாமல் ஒரே விடையைத் தருகிறது, ஆகவே நம்பகமானது. ஆனால் அது காட்டும் எடை உண்மை எடையன்று. அரசுப் புள்ளிவிவரங்கள் பலவும் இத்தகைய தராசுகளே. ஆண்டுதோறும் ஒழுங்காக வெளிவருவதாலேயே அவை உண்மையாகிவிடா.

அரசியல் அறிவியலாளர்கள் ராபர்ட் அட்காக், டேவிட் கோலியர் ஆகிய இருவரும் 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அளவீட்டை நான்கு படிகளாகப் பிரித்தனர். பலரும் பல பொருளில் வழங்கும் பரந்த கருத்து முதற்படி. ஆய்வாளர் வரையறுத்துக்கொள்ளும் கருத்து இரண்டாம் படி. அதைக் காட்டிக்கொடுக்கும் சுட்டிகள் மூன்றாம் படி. தனித்தனி நேர்வுகளுக்குக் கிடைக்கும் மதிப்பு நான்காம் படி. ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு இறங்கும்போது பொருள் சிந்திவிடக்கூடும். எங்கே, எவ்வளவு சிந்தியது என்று பார்ப்பதே ஏற்புடைமை பற்றிய விசாரணை.

தீண்டாமையில் இச்சிக்கல் முதற்படியிலேயே தொடங்குகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் தீண்டாமை என்பது எது என்று வரையறுக்கவில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டமும், அது 1976இல் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாக மாறிய பின்னரும், அச்சொல்லுக்கு வரையறை தரவில்லை. இறுக்கமான வரையறை தப்பிக்கும் வழியாகிவிடும் என்பதால் சட்டத்தில் இந்த நெகிழ்வு நன்மை தரலாம். அளவீட்டிலோ அந்த வெற்றிடத்தை யார் நிரப்புகிறாரோ அவர் விரும்பும் எண்ணே விடையாக வரும்.

கோடிகள் லட்சங்களான கதை

இது நேற்றுத் தொடங்கிய சண்டையன்று. 1911 கணக்கெடுப்பில், இந்துக்கள் என எண்ணப்பட்டோருள் உண்மையில் யார் யார் அப்பெயருக்கு உரியவர் என்று பிரித்தறியப் பத்து அடையாளங்கள் வகுக்கப்பட்டன. பார்ப்பனரின் மேலாண்மையை மறுப்பது, கோயிலின் உட்பகுதிக்குள் நுழைய முடியாமை, தொட்டால் தீட்டு எனக் கருதப்படுவது, மாட்டிறைச்சி உண்பது முதலியன அவற்றுள் அடங்கும். 1931 கணக்கெடுப்பில் ஆணையர் ஹட்டன் கிணறு, சாலை, பள்ளி, கோயில், நாவிதர், தையற்காரர் சேவை என்று வேறு சில சோதனைகளை வைத்தார்.

1932இல் வாக்குரிமை பற்றி ஆராய லோதியன் குழு வந்தபோது இந்த எண்ணிக்கை வெறும் தகவலாக இருக்கவில்லை. சட்டமன்ற இடங்களும் வாக்குரிமையும் அதைப் பொறுத்திருந்தன. உடனே எண்கள் சுருங்கத் தொடங்கின. ஐக்கிய மாகாணத்தில் தீண்டப்படாதோர் ஒரு கோடியே 26 லட்சம் என்றது கணக்கெடுப்பு. மாகாணக் குழுவோ 6 லட்சம் என்றது. வங்காளத்தில் ஒரு கோடிக்கு மேல் என்றது கணக்கெடுப்பு. மாகாணக் குழுவின் கணக்கு ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. மக்கள் எங்கும் போய்விடவில்லை. வரையறைதான் மாற்றப்பட்டது.

அக்குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் 1932 மே மாதம் தனிக் குறிப்பொன்றை அளித்தார். தொட்டவுடன் ஓடிப்போய்க் குளிப்பது மட்டுமே தீண்டாமை என்று கொள்வது தவறு என்பது அவர் வாதம். நேர்ப்பொருளில் தீண்டாமை வேறு, கருத்தளவில் தீண்டாமை வேறு. ஒரு பகுதியில் உடல் தொடுகை பொறுத்துக்கொள்ளப்படலாம். அங்கும் அம்மக்கள் தீண்டத்தகாதவர் என்ற எண்ணமும் அதன் விளைவுகளும் அப்படியே நிற்கலாம். வெளிப்பாடுகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுவதால் எல்லா இடங்களுக்கும் ஒரே சோதனையைப் பொருத்துவது பொருந்தாது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அரசியல் அறிவியல் இன்று ஏற்புடைமை என்ற தலைப்பில் பேசுவதன் சாரம் அக்குறிப்பிலேயே இருக்கிறது. அண்ணலைச் சட்ட மேதையாகவும் பொருளியலாளராகவும் படிக்கும் நம் மாணவர்கள், அளவீட்டைக் கேள்விக்குள்ளாக்கிய சமூக அறிவியலாளராகவும் அவரைப் படிக்க வேண்டும்.

கேட்டால் சொல்வார்களா?

எண்பது ஆண்டுகள் கழித்து, 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 42,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் நேரடியாகக் கேட்டது: உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா? இல்லை என்றவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது: பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ சிக்கல் உண்டா? இரண்டில் ஒன்றுக்கேனும் ஆம் என்றவர்கள் 27 விழுக்காடு. பார்ப்பனக் குடும்பங்களில் 52 விழுக்காடு. மத்தியப் பிரதேசத்தில் 53 விழுக்காடு; கேரளத்தில் 2; மேற்கு வங்கத்தில் 1.

இந்த ஆய்வின் மதிப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. நாடளாவிய அளவில் ஒடுக்குவோரிடமே கேட்டது பெரும் முன்னேற்றம். இரண்டாவது கேள்வியைச் சேர்த்தது நல்ல உத்தி. தீண்டாமை என்ற சொல்லுக்கு இல்லை என்பவர் சமையலறைக்கு ஆம் என்பதுண்டு. ஆயினும் சட்டப்படி குற்றமான ஒன்றை வீட்டு வாசலில் நிற்கும் அந்நியரிடம் எத்தனை பேர் ஒப்புக்கொள்வர்? 27 என்பது ஒப்புக்கொண்டவர்களின் விழுக்காடு. கடைப்பிடிப்போரின் உண்மை அளவு அதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாளேடுகளோ ‘இந்தியரில் நான்கில் ஒருவர்’ என்று எழுதி, மீதி மூவருக்கு நற்சான்று வழங்கிவிட்டன.

மேற்கு வங்கத்தின் 1 விழுக்காட்டைக் கவனியுங்கள். 1932இலும் அங்கே தீண்டப்படாதோர் மிகச் சிலரே என்றுதான் சொல்லப்பட்டது. சமையலறை என்ற ஒரே சுட்டியை வைத்துக்கொண்டு வங்கத்தையும் கேரளத்தையும் மத்தியப் பிரதேசத்தையும் வரிசைப்படுத்துவது, அண்ணல் எச்சரித்த அதே ஒரே சோதனைப் பிழை. சமையலறைக் கதவு திறந்திருக்கும் ஊரில் நிலமும் திருமணமும் கட்சிப் பதவியும் மூடியிருக்கலாம். அக்கேள்வி அவற்றைத் தொடவில்லை. அந்த 1 விழுக்காடு அக்கேள்விக்கான விடை மட்டுமே. அம்மாநிலத்தின் சாதி நிலைமைக்கான விடையன்று.

இதே ஆய்வில் பட்டியலினக் குடும்பங்களிலும் 15 விழுக்காட்டினர் ஆம் என்றிருக்கின்றனர். இதைக் காட்டி ‘நீங்களும் பார்க்கிறீர்களே’ என்போர் உண்டு. படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் சொன்னதற்கான சான்றாகவே நாம் இதைப் பார்க்கிறோம். அந்த எண்ணை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

குவளை போனது, சாதி போகவில்லை

சுட்டிகளுக்கு ஆயுள் உண்டு. தமிழகத்தில் தேநீர்க்கடையின் இரட்டைக் குவளை நெடுங்காலம் தீண்டாமையின் அடையாளமாக இருந்தது. போராட்டங்களாலும் வழக்குகளாலும் பல ஊர்களில் அது மறைந்தது. அங்கே காகிதக் குவளையும் நெகிழிக் குவளையும் வந்தன. எல்லோருக்கும் தூக்கியெறியும் குவளை என்றால் யாருடைய எச்சிலையும் யாரும் கழுவ வேண்டியதில்லை. பாகுபாட்டைக் காட்டிக்கொடுக்கும் தடயமும் இல்லை. இரட்டைக் குவளையை மட்டும் எண்ணும் ஆய்வு இந்த ஊரைத் தீண்டாமை ஒழிந்த ஊர் என்று எழுதிவிடும். கடைக்கு வெளியே நின்று குடிப்பவர் யார், பெஞ்சில் அமர்பவர் யார் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆகவே ஒரே சுட்டியை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு நம் இயக்கங்களே வழிகாட்டியிருக்கின்றன. குஜராத்தில் நவ்சர்ஜன் அமைப்பு அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து 1,589 கிராமங்களில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, தலித் அல்லாதார் தலித்துகள் மீது கடைப்பிடிக்கும் 98 நடைமுறைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டது. தலித் உட்பிரிவுகளுக்கு இடையே நிலவும் பாகுபாட்டையும் அது தனியே அளந்தது. ஆய்வு செய்த கிராமங்களில் பத்தில் ஒன்பதில் தலித்துகளுக்குக் கோயில் நுழைவு மறுக்கப்படுவதாக அது கண்டது.

அதன் வலிமை கிராமங்களின் தொகையில் மட்டுமன்று, பட்டியலில் இருந்தது. 98 நடைமுறைகள் என்பவை நூலகத்தில் அமர்ந்து ஊகித்து எழுதக்கூடியவையல்ல; அவற்றை அனுபவித்தவர்களிடமிருந்தே வரக்கூடியவை. ஒரு கருத்தின் எல்லாப் பக்கங்களையும் சுட்டிகள் தொட்டிருக்கின்றனவா என்ற கேள்விக்குப் பாதிக்கப்பட்டவரின் அறிவே முதற்சான்று. தலித்துகளின் வாக்குமூலத்தை ‘உணர்ச்சி’ என்றும் அதிகாரியின் படிவத்தைத் ‘தரவு’ என்றும் பிரிப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். குஜராத் அரசு இதற்கு மறுமொழியாக ஒரு பல்கலைக்கழகத்தைக் கொண்டு வேறோர் ஆய்வு நடத்தியது. அதன் களம் ஐந்தே கிராமங்கள். எந்த அளவுகோலை ஏற்பது என்பது எப்போதும் ஆய்வுக்கூடத்தில் மட்டும் முடிவாவதில்லை.

காவல் நிலையம் எண்ணுவது எதை?

நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்களை. பட்டியலினத்தவருக்கு எதிரான குற்றங்கள் 2020இல் 50,291, 2021இல் 50,900, 2022இல் 57,582. வன்கொடுமை கூடிவிட்டது என்று நாமும் எழுதுகிறோம். ஆனால் இந்த எண் அளப்பது வன்கொடுமையை அன்று. காவல் நிலையத்தில் பதிவான வழக்கை. இரண்டுக்கும் இடையில் அச்சம், பிழைப்புக்கான சார்பு, ஊர்க் கட்டுப்பாடு, பதிய மறுக்கும் காவலர், சமரசம் பேச வரும் பெரிய மனிதர் என்று பல கதவுகள் உள்ளன. வழக்கு கூடினால் கொடுமை கூடியதாகவும் பொருள்படலாம், புகார் கொடுக்கும் துணிவு கூடியதாகவும் பொருள்படலாம். வழக்கு குறைவான மாவட்டம் அமைதியான மாவட்டமாக இருக்கலாம். வாய் திறக்க முடியாத மாவட்டமாகவும் இருக்கலாம். எண் மட்டும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

எண்ணும் முறையும் அறியத்தக்கது. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றுள் தலையாய குற்றமே கணக்கில் ஏறும். கொலையோடு சாதி இழிவும் வீடு எரிப்பும் நடந்திருந்தால் கொலை மட்டுமே எண்ணாகும். குற்ற வீதத்தைக் கணக்கிடும்போது 2022க்கும் 2011இன் மக்கள்தொகையே வகுக்கும் எண்ணாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் செருப்பு மாலை அணிவிப்பது போன்ற புதிய குற்றங்கள் 2016 ஜனவரி முதல் சட்டத்தில் சேர்ந்தன. அளவுகோலே நீண்டுவிட்டதால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அப்படியே ஒப்பிட இயலாது.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதை நாம் 2018இல் கண்டோம். அவ்வாண்டு மார்ச் 20 அன்று உச்சநீதிமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கைது விதிகளைத் தளர்த்தியபோது, பொய் வழக்கு என முடிக்கப்பட்டவை, விடுதலையில் முடிந்தவை ஆகியவற்றின் எண்ணிக்கையும் சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. விடுதலையில் முடிந்த வழக்கு பொய் வழக்கா? சாட்சி மிரட்டப்பட்டிருக்கலாம், விசாரணை சிதைக்கப்பட்டிருக்கலாம், பல ஆண்டுகள் இழுத்தடித்ததில் குடும்பமே ஊரைவிட்டுப் போயிருக்கலாம். விடுதலை வீதம் அளப்பது நீதி அமைப்பின் செயலை. புகாரின் உண்மையை அன்று. ஏற்புடைமையற்ற ஒரு சுட்டி நம் பாதுகாப்பையே பறிக்கும் நிலைக்குப் போனது. ஏப்ரல் 2 முழு அடைப்பில் உயிர்கள் பலியாயின. அவ்வாண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. குறைபாடான விசாரணை முதலியவற்றாலும் வழக்குகள் தோற்கக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொண்டது.

சாவு உண்டு, சாவுக்குப் பெயரில்லை

வரையறையால் ஒரு கொடுமையையே காணாமல் ஆக்கலாம் என்பதற்கு மலக்குழி மரணங்கள் சான்று. 2020 டிசம்பர் வரையிலான ஐந்து ஆண்டுகளில் கழிவுநீர்ச் சாக்கடை, மலக்குழி ஆகியவற்றைத் துப்புரவு செய்கையில் 340 பேர் இறந்ததாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 2021 ஜூலையில், கையால் மலம் அள்ளும் தொழிலால் இறப்பு ஏதும் பதிவாகவில்லை என்றும் சொன்னது. சட்டத்தில் கையால் மலம் அள்ளுவதும் அபாயகரமான துப்புரவும் தனித்தனி வகைகள். குழிக்குள் இறங்கி இறந்தவர் இரண்டாம் வகையில் சேர்க்கப்படுகிறார். உரிய கருவியும் பாதுகாப்பு உடையும் கொண்டு செய்பவர் அப்பெயருக்குரியவராகக் கருதப்படமாட்டார் என்றும் 2013ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு வைத்திருக்கிறது.

இத்தொழிலாளரின் தொகையும் அப்படியே. 2011 கணக்கெடுப்பு மனிதர்கள் மலம் அகற்றும் கழிப்பிடங்கள் 7.94 லட்சம் என்றது. அதே காலத்துச் சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பு, ஊரகத்தில் மட்டும் இத்தொழிலாளர் உள்ள குடும்பங்கள் 1.82 லட்சம் என்றது. 2013, 2018 ஆண்டுகளின் ஆய்வுகளிலோ அடையாளம் காணப்பட்டோர் 58,098 பேர். கழிப்பிடம், குடும்பம், ஆள் என்று எண்ணும் அலகுகள் வேறானவை. எனினும் இந்த இடைவெளிக்கு அது மட்டுமே விளக்கமாகாது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு மறுவாழ்வுத் தொகையும் இல்லை.

2027இல் நாம் கேட்க வேண்டியவை

கணக்கெடுப்புக்குத் திரும்புவோம். 2011இன் சாதிக் கணக்கெடுப்பில் சாதிப் பெயரைச் சொன்னபடியே எழுதிக்கொண்டதால், குலப்பெயரும் குடும்பப்பெயரும் எழுத்து வேறுபாடுகளும் சேர்ந்து 46 லட்சம் பெயர்கள் குவிந்தன. 1931இல் இருந்தவை 4,147. நம்பகத்தன்மை குலைந்ததையே காரணம் காட்டி அந்தச் சாதி விவரம் வெளியிடப்படாமலே போயிற்று. எனவே பெயர்ப் பட்டியலும் குறியீட்டு எண்ணும் முன்னதாகவே வெளியிடப்பட்டு மக்கள் கருத்துக் கேட்கப்பட வேண்டும்.

தமிழகத்தில் இது நம்மை நேராகத் தொடுகிறது. பட்டியலில் ஆதி திராவிடர், பறையர் என்பவை தனித்தனிப் பதிவுகள். ஒரே தெருவில், சில வேளை ஒரே குடும்பத்தில், இருவர் இரு பெயரில் பதியக்கூடும். 2021இல் ஏழு பெயர்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரின் கீழ் வந்தன. 2011 எண்களோடு ஒப்பிட அதற்கேற்ற சீரமைப்பு வேண்டும். அருந்ததியர் உள் ஒதுக்கீடும், உட்பிரிவுகளை ஏற்ற 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பும் எண்ணிக்கையின் மீதே நிற்கின்றன. எந்த உட்பிரிவும் பெயர்க் குழப்பத்தால் தன் பங்கை இழக்கக் கூடாது.

ஆனால் சாதியை எண்ணுவது சாதியக் கொடுமையை அளப்பதாகாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடு தழுவிய தீண்டாமை ஆய்வு தனியே வேண்டும். சுட்டிகள் அந்தந்த வட்டாரத்துக்கேற்ப, பாதிக்கப்பட்டோரின் பங்கேற்போடு வகுக்கப்பட வேண்டும். ஒடுக்குவோரிடமும் ஒடுக்கப்படுவோரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். கேட்பவரின் சாதி விடையை மாற்றக்கூடும் என்பதால் அதையும் பதிய வேண்டும். தரவு மூலவடிவில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

இந்த ஒழுங்கு நமக்கும் பொருந்தும். நம் அமைப்புகளின் கள ஆய்வுகள் பெரும்பாலும் கொடுமை நடந்த ஊர்களிலேயே நடக்கின்றன. உண்மையறிவதற்கு அது சரி. ஆனால் அதை வைத்து மாவட்டத்துக்கே விழுக்காடு சொன்னால் எதிராளிக்கு நாமே வாய்ப்பளிக்கிறோம். கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஓர் ஒன்றியத்தின் ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒரே வினாப் படிவத்தோடு, இருவர் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட்டாலே வலுவான ஆவணம் கிடைக்கும். கோயில், குளம், சுடுகாடு, முடிதிருத்தகம், தேநீர்க்கடை, பள்ளிச் சத்துணவு, ஊராட்சி மன்ற நாற்காலி என்று பட்டியலை அந்த ஊர்ச் சேரியிலேயே தொடங்கலாம்.

1932இல் ஒரு மாகாணக் குழு ஒரு கோடிப் பேரைத் தாளில் கரைத்தபோது அதை எதிர்த்து எழுத லோதியன் குழுவில் அம்பேத்கர் இருந்தார். 2027இல் படிவங்கள் வகுக்கப்படும் அறைகளில் நம் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.